வங்காளதேசத்தில் கிஸ்தி கூட்டம் பார்க்கப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

சிட்டகாங் பல்கலைக்கழகத்தை ஒட்டிய ஜோப்ரா கிராமத்தில் 1976இல் முகமது யூனுஸ் தொடங்கிய சிறுகடன் முயற்சி, 1983இல் கிராமீன் வங்கி ஆனது. இன்று பிராக், ஆசா என்று பல அமைப்புகள் அதே கிராமங்களில் கடன் கொடுக்கின்றன. படிக்கவும் பார்க்கவும் வெளிநாட்டிலிருந்து ஆட்கள் போய்க்கொண்டே இருக்கிறார்கள். பெரும்பாலோர் ஒரு தகரக் கொட்டகையில் நடக்கும் வாராந்திரத் தவணைக் கூட்டத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, நாலு படம் எடுத்துத் திரும்புகிறார்கள்.

தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்கள் முதலில் தடுக்கி விழுவது, ‘நம்ம மகளிர் குழு மாதிரிதானே’ என்ற நினைப்பில். நம் சுய உதவிக் குழுவில் 10 முதல் 20 பேர் சேர்ந்து சேமிக்கிறார்கள். வங்கி குழுவுக்குக் கடன் தருகிறது. யாருக்கு எவ்வளவு என்பதைக் குழுவே முடிவு செய்கிறது. கிராமீன் முறையில் ஐந்து பேர் ஒரு குழு, பல குழுக்கள் சேர்ந்தது ஒரு கேந்திரம். கடன் வங்கியிலிருந்து நேரே தனிநபருக்குப் போகிறது. வாராந்திரக் கூட்டம் என்பது பெரும்பாலும் தவணை வசூல்தான். அந்தத் தவணைக்கு அங்கே ‘கிஸ்தி’ என்று பெயர். நம் ஊரில் நிலவரிக்குச் சொன்ன அதே சொல். ‘குழுவில் எப்படி முடிவெடுக்கிறீர்கள்?’ என்று கேட்டால் அவர்கள் விழிப்பதில் வியப்பில்லை.

வசூல் நடக்கும்போது குறுக்கே கேள்வி கேட்காதீர்கள். கள அலுவலர் பணத்தை எண்ணி, பாஸ்புக்கில் பதிந்து, அடுத்த கேந்திரத்துக்கு ஓட வேண்டியவர். கணக்கு தப்பினால் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். கால்மணி நேரம் முன்னதாகவே போய், காட்டிய இடத்தில் உட்காருங்கள். மூன்று நான்கு பேருக்கு மேல் போனால் அது கூட்டமல்ல, கண்காட்சி. வெள்ளி, சனி வார விடுமுறை என்பதை மறந்து பயணச்சீட்டு எடுக்கிறவர்களும் உண்டு.

அதே கள அலுவலரை மொழிபெயர்ப்பாளராக வைத்துக்கொள்வது இன்னும் பெரிய தவறு. கடன் தருபவர் பக்கத்தில் நிற்கும்போது யார்தான் ‘கட்ட முடியவில்லை’ என்பார்? வங்க மொழி தெரிந்த, அந்த அமைப்போடு தொடர்பில்லாத ஒருவரை, முடிந்தால் ஒரு பெண்ணை, நீங்களே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். பெண்களை ‘ஆபா’ (அக்கா) என்று அழைத்தால் பேச்சு இளகும்.

கூட்டம் கலைந்த பிறகு, அவர்கள் விரும்பினால், வீட்டு முற்றத்தில் பேசுங்கள். ‘கடனால் வாழ்க்கை மாறியதா?’ என்ற கேள்விக்கு ஒரே பதில்தான் வரும். ‘இந்த வாரக் கிஸ்திப் பணம் எங்கிருந்து வந்தது?’ என்று கேளுங்கள். கோழி விற்ற காசு, கணவரின் ரிக்‌ஷா வருமானம், வளைகுடாவிலிருந்து மகன் அனுப்பியது, வேறொரு சமிதியில் (கடன் தரும் அமைப்பில்) வாங்கிய கடன் என எதுவாகவும் இருக்கலாம். கடைசியாகச் சொன்னதுதான் கவனிக்க வேண்டியது. இதைப் பத்துப் பேர் முன்னால் கேட்டுவிடாதீர்கள். பாஸ்புக்கைப் படம் எடுக்கவும் வேண்டாம்.

இனி எண்கள். ‘வட்டி 10 சதவீதம்’ என்றால், முழுத் தொகைக்கா, குறையும் நிலுவைக்கா என்று கேட்காமல் குறித்துக்கொள்ளாதீர்கள். 10,000 டாக்கா (அந்நாட்டு நாணயம்) கடனுக்கு 1,000 டாக்கா வட்டி சேர்த்து 50 வாரம், வாரம் 220 என்று வைத்துக்கொள்வோம். அசல் வாராவாரம் குறைவதால், ஆண்டு முழுவதும் அவர் கையில் சராசரியாக இருப்பது சுமார் 5,000தான். உண்மையான வட்டி ஏறக்குறைய 20 சதவீதம். கடனில் ஒரு பகுதியைக் கட்டாயச் சேமிப்பாகப் பிடித்தால் இன்னும் கூடும்.

‘வசூல் 95 சதவீதம்’ என்பதும் அப்படித்தான். கேட்க நன்றாக இருக்கும். மீதி 5 வரவே வராது என்றால், இதே கடனில் 500 டாக்கா நட்டம். சராசரி நிலுவை 5,000 என்பதால் ஆண்டுக்குப் பத்தில் ஒரு பங்கு போகிறது. எனவே, 30 நாளுக்கு மேல் தவணை தவறியவர்களின் மொத்த நிலுவை எவ்வளவு, கட்ட முடியாமல் புதிதாகத் தவணை போட்டு நீட்டிய கடன் எவ்வளவு என்று கிளை மேலாளரிடம் கேளுங்கள்.

எல்லாரும் டிசம்பர், ஜனவரியில் போகிறார்கள். வெயில் இல்லை, பாதை காய்ந்திருக்கும். ஆனால் அது ஆமன் நெல் அறுவடை முடிந்து கையில் காசு புழங்கும் காலம். வடக்கே ரங்பூர் பக்கம், அறுவடைக்கு முந்தைய செப்டம்பர் நடு முதல் நவம்பர் நடு வரையிலான பஞ்ச காலத்துக்கு ‘மொங்கா’ என்றே பெயர் உண்டு. வாரத் தவணையின் கனம் அப்போதுதான் தெரியும். ஒரே பயணம்தான் முடியும் என்றால் அந்த மாதங்களில் போங்கள், சேற்றுக்குத் தயாராக.

கிளம்பும்போது யார் கையிலும் பணம் திணிக்காதீர்கள். வசூல் நடக்கும் இடத்தில் அந்நியர் காசு கொடுத்தால், ‘இவருக்கு மட்டும் ஏன்?’ என்ற பேச்சு அடுத்த வாரக் கூட்டம் வரை ஓடும். தள்ளுபடி வரப்போகிறது என்று வதந்தி கிளம்பித் தவணை நின்றாலும் நிற்கும். தேநீர் தந்தால் குடியுங்கள். எடுத்த படங்களை அச்சிட்டுக் கிளை வழியாக அனுப்பி வையுங்கள்.