ஆளுக்கொரு பென்சில்: குடும்பமாக வெளியே உட்கார்ந்து வரைய

ஒரு குடும்பம் வரைய வந்தால், அதில் யார் நன்றாக வரைகிறார்கள் என்று நான் பார்ப்பதில்லை. யார் பையை மடியில் வைத்துக்கொண்டு ஓரமாக உட்காருகிறார்கள் என்றுதான் பார்ப்பேன். "நான் சும்மா கூட வந்தேன், பிள்ளைங்களுக்குச் சொல்லிக் கொடுங்க" என்பார் அவர். அன்றைக்கு என் முதல் மாணவர் அவர்தான். அவர் கையில் பென்சில் இல்லாத வரை அவர் கண் முழுக்கப் பிள்ளையின் தாள்மேலேயே இருக்கும். "அந்த மரம் ஏன் சாயுது?" "பின்னாடி கட்டடம் இருக்கு பாரு, அதையும் போடு." ஐந்து நிமிடத்தில் பிள்ளை மரத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு, பெரியவர் முகத்தைப் பார்த்து வரைய ஆரம்பித்துவிடும்.

இது எனக்குப் புரிந்தது ஒரு சைக்கிளால். வெளியே உட்கார்ந்து வரைவதைப் பல வருடமாகச் செய்துவந்தாலும், குடும்பங்களுக்குச் சொல்லிக்கொடுக்க அப்போதுதான் தொடங்கியிருந்தேன். சுவரில் ஒரு சைக்கிள் சாய்ந்திருந்தது. எட்டு வயதுப் பெண் ஒருத்தி தாள் முழுக்க இரண்டு பெரிய சக்கரங்களைப் போட்டுவிட்டு, நடுவில் என்ன இருக்கிறது என்று எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. "இப்படி இல்லம்மா" என்று பென்சிலை வாங்கி, அவள் தாளிலேயே இரண்டு நிமிடத்தில் ஒரு சைக்கிளைப் போட்டுக் கொடுத்தார். ஒரு தடவைகூட எதிரே இருந்த சைக்கிளைப் பார்க்கவில்லை. அந்தப் பெண் எழுந்துபோய் இலை பொறுக்க ஆரம்பித்துவிட்டாள்.

அவர் போட்ட சைக்கிளைப் பார்த்தேன். முன் சக்கரத்தையும் பின் சக்கரத்தையும் நேராக ஒரே கம்பியால் இணைத்திருந்தார். அப்படி ஒரு வண்டி இருந்தால் அதைத் திருப்பவே முடியாது. ரெபெக்கா லாசன் என்ற உளவியல் ஆய்வாளர் இதையே 2006இல் ஓர் ஆய்வாக வெளியிட்டிருக்கிறார்: தினமும் சைக்கிள் ஓட்டுபவர்கள்கூடச் சட்டமும் செயினும் எங்கே போகின்றன என்பதில் தடுமாறுகிறார்கள். அந்த அப்பாவுக்குத் தனியாக ஒரு தாளைக் கொடுத்து, "சார், இப்போ அதைப் பார்த்துப் போடுங்க" என்றேன். இருபது நிமிடம் ஆனது. நடுவில் எழுந்துபோய்க் குனிந்து செயினைப் பார்த்துவிட்டு வந்தார். எப்போது என்று தெரியவில்லை, மகள் திரும்பி வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். "அப்பா, பெடல் அங்க இல்ல" என்றாள்.

அன்றிலிருந்து இரண்டே விதிதான். வந்தவர்கள் எல்லாரும் வரைய வேண்டும். ஒருவர் பென்சில் இன்னொருவர் தாளில் படக் கூடாது. எனக்கும் சேர்த்துத்தான். ஏதாவது காட்ட வேண்டுமானால் என் நோட்டின் ஓரத்தில் போட்டுக் காட்டுவேன்.

இடம்

அழகான இடத்தைத் தேடாதீர்கள். ஏரி, மலை, விரிந்த வானம் எல்லாம் புகைப்படத்துக்குச் சரி. முதல் தடவை வரைபவருக்கு அங்கே பிடித்துக்கொள்ள எதுவும் இருக்காது. பத்தடி தூரத்தில் ஒரு பொருள் போதும்: சைக்கிள், பெஞ்ச், படிக்கட்டு, தண்ணீர்க் குழாய், வேர் வெளியே தெரியும் மரம். சைக்கிள் என்றால் அதன் வலப்பக்கம் தெரிகிற மாதிரி உட்காருங்கள், செயின் அந்தப் பக்கம்தான் இருக்கும். நிறுத்தி வைத்த சைக்கிளை யாராவது வந்து எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு மூன்று முறை நடந்திருக்கிறது.

நிழல் வேண்டும், கழிவறை பக்கத்தில் இருக்க வேண்டும், முதுகுக்குப் பின்னால் சுவர் இருந்தால் நல்லது. கடைசியாகச் சொன்னது சாய்ந்துகொள்ள மட்டுமல்ல. வெளியே வரைய உட்கார்ந்தால் வேடிக்கை பார்க்க ஆள் வரும். அவர்கள் தோளுக்குப் பின்னால் வந்து நின்றால் பெரியவர்களுக்குக் கை நடுங்கும், பிள்ளைகளுக்குக் கவலையே இருக்காது. பின்னால் சுவர் இருந்தால் யாரும் அங்கே வந்து நிற்க முடியாது. தனியார் இடமாக இருந்தால் முன்னாலேயே கேட்டுவிடுங்கள். குடும்பமாக வந்து வரைகிறோம் என்றால் பெரும்பாலும் சரி என்றுதான் சொல்கிறார்கள்.

நீங்கள் உட்கார்ந்த நிழல் நகரும் என்பதை மறந்துவிடாதீர்கள். ஒரு மணி நேரத்தில் சூரியன் 15 டிகிரி நகர்ந்துவிடும். ஆரம்பத்தில் நிழலில் இருந்த பாட்டி, முடிக்கும்போது வெயிலில் இருப்பார். நிழல் எந்தப் பக்கம் போகும் என்று பார்த்து, அந்தப் பக்கமாகத் தள்ளி உட்காருங்கள்.

எடுத்துப் போக வேண்டியவை

ஆளுக்கு ஒரு 2பி பென்சில், ஏ5 அளவில் ஒரு நோட்டு அல்லது கெட்டி அட்டையில் கிளிப் போட்டு மாட்டிய நாலைந்து தாள், பொதுவில் ஒரு ஷார்ப்னர். கிளிப் ஆளுக்கு இரண்டாக எடுத்துப் போங்கள், மேலே ஒன்று, கீழே ஒன்று. மேலே மட்டும் மாட்டினால் காற்றில் தாள் எழுந்து முகத்தில் அடிக்கும். பேனாவில் வரைவதானால் தாள் 150 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை கிராமில், தாள் கட்டின்மேல் போட்டிருக்கும்) இருந்தால் பின்பக்கம் ஊறாது. வாட்டர்கலர் போடுவதானால் 300 ஜிஎஸ்எம். அதற்குக் கீழே போனால் தாள் அப்பளம் மாதிரி நெளியும்.

ரப்பர் வேண்டாம். இதில் என்னோடு சண்டை போடுபவர்கள் உண்டு. ரப்பர் கெட்ட பொருள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பெரியவர்கள் அதைக் கையில் எடுத்தால் முதல் கோட்டையே அரை மணி நேரம் அழித்துக்கொண்டிருப்பார்கள். தப்பான கோடு இருக்கட்டும், சரியானதை அதன் பக்கத்திலேயே போடுங்கள். பழைய கோட்டை வைத்துத்தான் புதுக்கோடு எவ்வளவு தள்ளிப் போக வேண்டும் என்று தெரியும்.

வண்ணத்தை முதல் நாளில் எடுத்துப் போகாதீர்கள். இரண்டாவது தடவை போகும்போது, பேனா தண்ணீரில் கரையாத மையா என்று வீட்டிலேயே சோதித்துவிடுங்கள்: ஒரு கோடு போட்டு, ஐந்து நிமிடம் காயவிட்டு, ஈரத் தூரிகையால் தடவிப் பாருங்கள். நான் சோதிக்காமல் எடுத்துப்போன ஒரு நாள், ஆறு பேருடைய ஓவியமும் ஒரே நேரத்தில் ஊதா நிறக் கஷாயமாகிவிட்டது. பொருள் சரியில்லை, அதனால்தான் வரவில்லை என்பவர்களுக்கு நான் ஒரு விஷயம் சொல்வதுண்டு. 1841இல் ஜான் ராண்ட் என்ற அமெரிக்க ஓவியர் பிதுக்கிப் பயன்படுத்தும் தகர டியூபுக்குக் காப்புரிமை வாங்கினார். அதுவரை எண்ணெய் வண்ணத்தைப் பன்றியின் சிறுநீர்ப்பையில் கட்டித்தான் தூக்கிக்கொண்டு போனார்கள். அதோடு ஒப்பிட்டால் நம் பென்சில் பெட்டி ராஜபோகம்.

முதல் பத்து நிமிடம்

வந்து உட்கார்ந்ததும் வரையச் சொல்லாதீர்கள், தாளைப் பார்க்காமல் வரையச் சொல்லுங்கள். ஒரு செருப்பையோ இலையையோ எடுத்து எதிரில் வையுங்கள். அதன் விளிம்பில் ஒரு எறும்பு மெதுவாக ஊர்ந்து போவதாக நினைத்துக்கொள்ள வேண்டும். கண் அந்த எறும்போடு போக வேண்டும், பென்சிலும் அதே வேகத்தில் தாளில் போக வேண்டும். தலையைக் குனிந்து தாளைப் பார்க்கவே கூடாது, பென்சிலைத் தூக்கவும் கூடாது. மூன்று நிமிடம்.

முடிவில் எல்லார் செருப்பும் கண்றாவியாக இருக்கும், எல்லாரும் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு எனக்கு வேண்டும். அப்பாவுடையதும் ஆறு வயதுப் பையனுடையதும் ஒரே மாதிரி கோணலாக இருப்பதை இரண்டு பேரும் பார்த்துவிட்டால், அதற்கப்புறம் யாரும் யாரையும் திருத்த வர மாட்டார்கள். ஆனால் உற்றுப் பாருங்கள், அந்தக் கோணலுக்குள் ஏதாவது ஓர் இடத்தில், வாரின் மடிப்பிலோ தையலிலோ, ஒரு துண்டுக் கோடு அசலாக இருக்கும். அதைத் தேடி வட்டம் போடச் சொல்லுவேன். இந்தப் பயிற்சியில் பெரும்பாலும் பாட்டிகள்தான் ஜெயிப்பார்கள். அவசரப்படாதவருக்குத்தான் எறும்பு ஒழுங்காக ஊரும்.

வரையும்போது

தாளில் முதலில் தீப்பெட்டி அளவில் ஒரு கட்டம் போட்டு, அதற்குள் பொருளை ஒரே நிமிடத்தில் கிறுக்கிப் பாருங்கள். சக்கரம் கட்டத்துக்கு வெளியே போகிறதா என்று அங்கேயே தெரிந்துவிடும். அப்புறம்தான் பெரிதாக.

அளவு பார்க்க, ஓவியர்கள் பென்சிலை நீட்டிப் பிடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். முழங்கை மடங்காமல் கையை முழுக்க நீட்ட வேண்டும், ஒரு கண்ணை மூட வேண்டும், பென்சிலின் நுனியிலிருந்து கட்டைவிரல் வரை சக்கரத்தின் உயரத்தை எடுத்துக்கொண்டு, சைக்கிளின் நீளம் அதைப் போல எத்தனை மடங்கு என்று எண்ண வேண்டும். முழங்கை மடங்கினால் அளவுகோலே மாறிவிடும், எல்லாரும் செய்யும் தப்பு அது ஒன்றுதான்.

இதைச் சின்னப் பிள்ளைகளிடம் திணிக்காதீர்கள். பிள்ளைகள் வரைவதில் வயதுக்கேற்ற கட்டங்கள் உண்டு என்று விக்டர் லோவன்ஃபெல்ட் என்ற கலைக் கல்வியாளர் 1947இலேயே விரிவாக எழுதிவிட்டார். நான்கு வயது வரை கிறுக்கல். ஏழிலிருந்து ஒன்பது வரை, தாளின் அடியில் தரைக்கு ஒரு கோடு போட்டு எல்லாவற்றையும் அதன்மேல் வரிசையாக நிறுத்துவார்கள். வீட்டின் சுவருக்குள்ளே நாற்காலி தெரியும், அவர்களுக்கு அது சரிதான். ஒன்பது பத்து வயதில்தான் "இது நிஜம் மாதிரி இல்லையே" என்ற வருத்தம் வருகிறது. பலர் வரைவதை விடுவது அந்த வயதில்தான். பென்சிலை நீட்டி அளக்கும் வித்தையை அந்த வருத்தம் வந்தவனுக்குக் கொடுங்கள், ஆசையாகப் பிடித்துக்கொள்வான். ஐந்து வயதுக்காரியிடம் "அந்தப் படிக்கட்டில் எத்தனை படி?" என்று மட்டும் கேளுங்கள். எண்ணுவதற்காகவே மறுபடி பார்ப்பாள், அது போதும்.

கட்டடமோ படிக்கட்டோ வரைவதாக இருந்தால் கண் மட்டம் தெரிய வேண்டும். பெர்ஸ்பெக்டிவ், அதாவது தூரம் போகப் போகப் பொருள்கள் சிறிதாகத் தெரிவதை வரையும் முறை பற்றி நான் முதன்முதலில் நடத்திய வகுப்பில் நாற்பது நிமிடம் பேசினேன். பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்கள். இப்போது ஒரு நோட்டைத்தான் காட்டுகிறேன். நோட்டைப் படுக்கவாட்டில் முகத்துக்கு முன்னால் பிடித்து மெல்ல ஏற்றுங்கள். மேல் அட்டையும் தெரியாமல் கீழ் அட்டையும் தெரியாமல் வெறும் கோடாகத் தெரியும் இடம்தான் உங்கள் கண் மட்டம். அதற்கு மேலே இருக்கும் ஜன்னல் விளிம்புகள் தூரம் போகப் போக இறங்கும், கீழே இருக்கும் படிகள் ஏறும். அப்பாவை நிற்க வைத்து, பிள்ளையை உட்கார வைத்து, இரண்டு பேரையும் ஒரே சுவரை வரையச் சொல்லுங்கள். கோடுகள் வேறு வேறு பக்கம் சாயும், இரண்டுமே சரியாக இருக்கும். "நீ போட்டது தப்பு" என்று சொன்ன ஒரு அண்ணனை, தங்கை கையைப் பிடித்து இழுத்துத் தன் இடத்தில் உட்கார வைத்துக் காட்டியதை நான் பார்த்திருக்கிறேன்.

நிழலை வரைவதானால் முதல் ஐந்து நிமிடத்திலேயே அதன் விளிம்பைக் கோடாகப் போட்டுவிட்டு, அதையே கடைசி வரை நம்புங்கள். நகர்ந்த நிழலைத் துரத்தினால் ஒரே ஓவியத்தில் மூன்று சூரியன் வந்துவிடும்.

மனிதர்கள் அசைவார்கள். அசையட்டும். ஒரே தாளில் நாலைந்து பேரைத் தொடங்கிவிடுங்கள். கைப்பேசி பார்ப்பவர், யாருக்காகவோ காத்திருப்பவர் எல்லாம் கொஞ்ச நேரத்தில் பழைய நிலைக்குத் திரும்புவார்கள், அப்போது விட்ட இடத்திலிருந்து தொடரலாம். எல்லாரும் தலையைப் பெரிதாகவும் கண்ணை உச்சிக்குப் பக்கத்திலும் போடுவார்கள். கண் தலையின் நடுவில் இருக்கிறது என்றால் நம்பமாட்டார்கள், பென்சிலால் பக்கத்தில் இருப்பவர் தலையை அளந்து பார்க்கச் சொல்லுங்கள். பெரியவர் உயரம் சுமார் ஏழரைத் தலை, ஒரு வயதுக் குழந்தை நான்கு தலை.

முடிக்கும்போது

ஒரு மணி நேரத்துக்கு மேல் இழுக்காதீர்கள். பிள்ளைகள் இருபது நிமிடத்தில் எழுந்து ஓடினால் ஓடட்டும், பெரியவர்கள் தங்கள் தாளோடு உட்கார்ந்தே இருங்கள். திரும்பி வந்து பார்க்கும்போது நீங்கள் இன்னும் வரைந்துகொண்டிருந்தால், பெரும்பாலும் மறுபடி உட்காருவார்கள்.

கடைசியில் எல்லா நோட்டையும் தரையில் வரிசையாக விரித்து வையுங்கள். "சூப்பர்" என்று சொல்லத் தடை. "இந்த வளைவை எப்படிக் கண்டுபிடிச்ச?" "பூட்டை ஏன் முதல்ல போட்ட?" என்று கேளுங்கள். ஒவ்வொருவரும் தாளின் மூலையில் தேதி, இடம், நேரம் எழுத வேண்டும். இடத்துக்கே போய் வரைபவர்கள் உலகம் முழுக்கச் செய்வது இது. 2007இல் கேப்ரியல் கம்பனாரியோ என்ற பத்திரிகை ஓவியர் இணையத்தில் தொடங்கிய அர்பன் ஸ்கெச்சர்ஸ் குழுவின் கொள்கையிலும், வரைவது காலத்தையும் இடத்தையும் பதிவு செய்வது என்றுதான் இருக்கிறது. எழுத முடியாத சின்னவளுக்கு அவள் சொல்லச் சொல்ல நோட்டின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். முன்பக்கத்தில் வேண்டாம், விதி விதிதான்.

வீட்டுக்குப் போய்ப் புகைப்படத்தைப் பார்த்து மிச்சத்தை முடிக்காதீர்கள். பாதியில் நின்றது பாதியிலேயே இருக்கட்டும். பென்சில் சீவிய தூளைப் பெட்டிக்குள் கொட்டிக்கொள்ளுங்கள், கிளிப்களை எண்ணிக்கொள்ளுங்கள், ஒன்றாவது புல்லில் கிடக்கும். அடுத்த வாரம் அதே இடத்துக்குப் போங்கள். அந்தச் சைக்கிள் அப்பா மறுவாரம் வந்தபோது அந்தச் சுவரில் சைக்கிள் இல்லை. அரை மணி நேரம் தேடிவிட்டு, மகளும் அவரும் அது சாய்ந்திருந்த சுவரையே வரைந்தார்கள்.