வயிற்றுப்பிள்ளைக்காரியும் தராசும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொழுந்து பறித்த பெண்ணுக்குத் தராசைப் பற்றி யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் தொங்குகிற தராசு ஒரு கிலோவைக் காட்டும், தோட்டத்துக் கூலிக் கணக்கான செக்ரோலில் விழுவது வேறொன்றாக இருக்கும். ஈரத்துக்கு இவ்வளவு, சாக்குக்கு இவ்வளவு என்று கழித்துவிட்டுத்தான் எழுதுவார்கள். அதற்காக வாய்ச்சண்டை போடுகிற அதே பெண், கர்ப்பமாகிக் கிளினிக் தராசில் ஏறியதும் அது காட்டுவதை அப்படியே நம்பிவிடுகிறாள். "போன மாசம் நாப்பத்தொம்பது, இந்த மாசம் அம்பத்திரண்டு, மூணு கிலோ ஏறிருச்சே" என்று முகம் சுருங்கி இறங்குகிறாள்.

நானும் அப்படி இறங்கியவள்தான். மூத்தவளைச் சுமந்தபோது ஒரு மாதம் மெல்லிய சட்டையோடு நிறை பார்த்தார்கள். அடுத்த மாதம் நல்ல குளிர். கம்பளிச் சுவெட்டர், அதற்குள் இன்னொன்று, காலில் சப்பாத்து, சுவெட்டர் பையில் சாவிக்கொத்தும் சில்லறையும். அத்தனையோடும் ஏறி நின்றுவிட்டு, கூடிப்போன கிலோவை நினைத்து அன்று இரவு சோற்றைக் குறைத்துக்கொண்டேன். பாதி நிறை கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

ஆகவே முதல் தவறு, உடுப்பையும் சேர்த்து நிறுப்பது. இலங்கை மலையகத்தில் இது சாதாரண விஷயமில்லை. மழையில் நனைந்த கம்பளியும் சப்பாத்தும் ஒன்றரை, இரண்டு கிலோவுக்குப் போகும். ஒவ்வொரு முறையும் சுவெட்டரையும் செருப்பையும் கழற்றிவிட்டு, சிறுநீர் கழித்துவிட்டு ஏறுங்கள். கிளினிக்கில் ஒன்று, டவுன் பார்மசியில் இன்னொன்று, பக்கத்து லயத்து வரிசை வீட்டில் யாரோ வாங்கி வைத்த பிளாஸ்டிக் தராசில் வேறொன்று என்று நிறுத்து அவற்றை ஒப்பிடவும் வேண்டாம். தராசுக்குத் தராசு வித்தியாசம் இருக்கும். கார்ட்டில் எழுதப்படுகிற நிறையை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அதிலும் ஒரு மாதத்துக் கணக்கைப் பார்க்காமல், மூன்று நான்கு மாதங்களாகக் கோடு எப்படிப் போகிறது என்று பாருங்கள்.

ஏறுவது எல்லாம் கொழுப்பு என்று நினைப்பது

மடுவத்துக் கணக்கைப் போலவே இதையும் கழித்துப் பார்க்கலாம். நிறைமாதத்தில் ஒரு பெண் 12 கிலோ ஏறியிருக்கிறாள் என்று வையுங்கள். பிள்ளை 3 கிலோ சொச்சம். நச்சுக்கொடி முக்கால் கிலோவுக்குக் கிட்ட. பனிக்குட நீர் ஏறக்குறைய ஒரு கிலோ, பெருத்த கருப்பை ஒரு கிலோ. உடம்பில் புதிதாக ஊறிய இரத்தம் ஒன்றரைக் கிலோ, திசுக்களில் தங்கும் நீர் இன்னொரு ஒன்றரை, மார்பு அரைக் கிலோ. மிச்சம் ஒரு மூன்று கிலோதான் கொழுப்பு. அதுவும் வீணாக வந்ததில்லை. பால் கொடுக்கிற மாதங்களுக்கு உடம்பு முன்கூட்டியே போட்டு வைக்கிற சீட்டுக்காசு அது.

எல்லாருக்கும் ஒரே கணக்கு என்று நினைப்பது

"அவ பத்துக் கிலோதான் ஏறினா, நீ என்ன பதினாலு?" இந்தக் கேள்வி பைப்படியில் பிறக்கும், பஸ் தரிப்பிடம் வரை கூடவே வரும். ஆனால் எவ்வளவு ஏற வேண்டும் என்பது, கர்ப்பமாவதற்கு முன் என்ன நிறையில் இருந்தீர்கள் என்பதைப் பொறுத்தது. அதற்குத்தான் முதல் கிளினிக்கில் உயரத்தையும் அளக்கிறார்கள். கிலோவில் எடுத்த நிறையை, மீற்றரில் எடுத்த உயரத்தால் இரண்டு தடவை வகுத்தால் வருகிற எண்ணை உடற்திணிவுச் சுட்டி என்கிறோம்.

ஒரே வீட்டின் இரண்டு மருமக்களை எடுத்துக்கொள்வோம். மூத்தவள் 148 சென்ரிமீற்றர், 38 கிலோ. சுட்டி 17 சொச்சம். 18.5க்குக் கீழே என்றால் நிறை குறைந்தவள். அவளுக்கு 12.5 முதல் 18 கிலோ வரை ஏற வேண்டும். இளையவள் 152 சென்ரிமீற்றர், 62 கிலோ. சுட்டி 27க்குச் சற்றுக் குறைவு, அதாவது கூடிய நிறை. அவளுக்கு 7 முதல் 11.5 கிலோ போதும். இரண்டுக்கும் நடுவில், 18.5 முதல் 24.9 வரை இருப்பவர்களுக்கு 11.5 முதல் 16 கிலோ. 30ஐத் தாண்டியவர்களுக்கு 5 முதல் 9. 2009இல் அமெரிக்காவில் வகுத்த இந்த அளவுகளைத்தான் உலகில் பல இடங்களிலும் பார்க்கிறார்கள். இது ஒற்றைப் பிள்ளைக் கணக்கு. இரட்டை என்றால் எல்லாம் கூடும்.

அப்படியானால் மூத்தவள் 14 கிலோ ஏறினால் சந்தோஷப்பட வேண்டும், இளையவள் அதே 14 ஏறினால் கிளினிக்கில் பார்க்கிற மருத்துவமாது மிஸ்ஸியோடு உட்கார்ந்து பேச வேண்டும். சோற்றுப்பானை என்னவோ ஒன்றுதான்.

இன்னொன்று. இந்த நிறை மாதா மாதம் சமமாக ஏறாது. முதல் மூன்று மாதத்தில் அரைக் கிலோ முதல் இரண்டு கிலோ வரைதான். மசக்கை பிடித்து ஆட்டினால் கொஞ்சம் இறங்கவும் செய்யும், பயமில்லை. ஆனால் தண்ணீர்கூடத் தங்காமல், சிறுநீர் கடும் மஞ்சளாகி, 45 கிலோவில் இருந்தவள் இரண்டேகால் கிலோவுக்கு மேல் இறங்கிவிட்டால், அதை மசக்கை என்று சொல்லி வீட்டில் வைத்திருக்கக் கூடாது. நாலாம் மாதத்துக்குப் பிறகு சாதாரண நிறையுள்ளவளுக்கு வாரத்துக்கு ஏறக்குறைய 400 கிராம் ஏறும்.

'சின்னப் பிள்ளை, லேசான பிரசவம்'

என்னைக் கேட்டால் நம் பக்கத்தில் ஆகப் பெரிய தவறு இதுதான். பிள்ளை பெருத்துவிட்டால் வயிற்றைக் கிழிக்க வேண்டி வரும் என்று பயந்து, ஏழாம் மாதத்திலிருந்து அரை வயிறு சாப்பிடுகிற பெண்கள் இன்றும் இருக்கிறார்கள். சொல்லிக்கொடுப்பது பெரும்பாலும் அன்பான வாய்தான், மாமியாரோ பெரியம்மாவோ. அவர்கள் காலத்தில் ஒப்பரேஷன் என்றால் உயிர்ப் பயம், ஆஸ்பத்திரிக்குப் போக லொறிதான். அந்தப் பயத்துக்குக் காரணம் இருந்தது. இன்றைக்கு அது ஆளை மாற்றி அடிக்கிறது.

தாய் பட்டினி கிடந்தால் பிள்ளையின் தலை அளவாகச் சுருங்கிக்கொண்டு சுலபமாக வந்துவிடுவதில்லை. சதையும் கொழுப்பும் போடாத பிள்ளை, பிரசவ வலியின் நெருக்குதலைத் தாங்க மாட்டாமல் இதயத்துடிப்பு விழுந்து, அதனாலேயே அவசர ஒப்பரேஷனுக்குப் போவதும் உண்டு. 2.5 கிலோவுக்குக் குறைந்து பிறந்தால் குறைநிறைப் பிள்ளை. அதற்குச் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ள உடம்பில் கொழுப்பு இருக்காது. கொழும்பு வெயிலில் அது ஒரு கஷ்டம். பனி இறங்குகிற காலையில், தகரக் கூரை லயத்துக் காம்பராவில், அது வேறு கஷ்டம்.

2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார அளவாய்வில் நாட்டின் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 17.3 சதவீதத்தினர் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள். தோட்டப்புறத்தில் மட்டும் எடுத்தால் 31.7 சதவீதம். "நாங்க எல்லாம் கட்டையான ஆளுங்க" என்று சிரித்துக்கொண்டு போய்விடுகிறோம். அந்தக் குள்ளத்தின் ஒரு பகுதி வயிற்றிலேயே தொடங்கிவிடுகிறது.

அளவுக்கு மீறிப் பெரிய பிள்ளை வருவது வேறு பாதை. தாய்க்கு நீரிழிவு இருந்து, அது கட்டுக்குள் வராவிட்டால் அப்படி ஆகும். அதைச் சோற்றைக் குறைத்து யூகிக்க வேண்டியதில்லை, இரத்தத்தைச் சோதித்துப் பார்க்கலாம். 24 முதல் 28 வாரத்துக்குள் குளுக்கோஸ் தண்ணீர் குடிக்கக் கொடுத்துச் சீனியைப் பார்ப்பார்கள். வெறும் வயிற்றோடு மலை இறங்கிப் போக வேண்டும், காத்திருக்க வேண்டும், ஒரு நாள் சம்பளப் பேர் போகும். அதனால் தட்டிக்கழிக்கிறார்கள். தட்டிக்கழிக்கக் கூடாத ஒரு நாள் அது.

இரண்டு பேருக்குச் சாப்பிடுவது

மறுபக்கமும் இருக்கிறது. "ஒன் வயித்துல ரெண்டு உசுரு, இன்னும் ரெண்டு ரொட்டி தின்னு." முதல் மூன்று மாதத்தில் கூடுதலாக ஒன்றுமே தேவையில்லை. நடு மாதங்களில் நாளுக்கு ஏறக்குறைய 340 கலோரி, கடைசி மாதங்களில் 450. 340 என்றால் என்ன? ஒரு முட்டை, ஒரு கோப்பைப் பால், ஒரு வாழைப்பழம். அவ்வளவுதான். கோதுமை மா ரொட்டியையும் கட்டச் சம்பலையும் இரட்டிப்பாக்கினால் நிறை ஏறும், பிள்ளைக்கு வேண்டிய புரதமும் இரும்பும் ஏறாது. பருப்பு, கடலை, முட்டை, தலையோடு நெத்தலி, வீட்டுக்குப் பின்னால் நிற்கிற கீரை, தோட்டத்துப் போஞ்சியும் லீக்ஸும், இவற்றைத்தான் ரொட்டிக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும்.

திரிபோஷவைப் பற்றி ஒரு வார்த்தை. 1973இலிருந்து இந்த நாட்டில் கொடுக்கப்படுகிற சோளமும் சோயாவும் கலந்த மா. மாதத்துக்கு 750 கிராம் பைகள் இரண்டு, நாளுக்கு 50 கிராம் என்று கணக்கு. வீட்டுக்கு வந்ததும் என்ன நடக்கும்? தேங்காய்ப்பூவும் சீனியும் போட்டு உருண்டை பிடித்தால் மூத்த பிள்ளைகள் கையை நீட்டும். புருஷனுக்கு ஒன்று, எட்டிப்பார்த்த கொழுந்தனுக்கு ஒன்று. ஒரு பை நாலு நாளில் தீர்ந்து, தாய்க்குக் கிடைத்தது விரலில் ஒட்டியது மட்டும். பிள்ளைகளின் கையைத் தட்டிவிடச் சொல்லவில்லை. உங்கள் உருண்டையை முதலில் சாப்பிட்டுவிட்டுப் பாத்திரத்தைக் கீழே இறக்குங்கள்.

தேத்தண்ணியை மறந்துவிடுவது

தேயிலைக்கு நடுவில் இருந்துகொண்டு தேத்தண்ணியைக் குறை சொன்னால் அடிக்க வருவார்கள். ஆனாலும் சொல்ல வேண்டியிருக்கிறது. சாப்பிட்ட கையோடு குடிக்கிற சாயம், உணவிலும் மாத்திரையிலும் உள்ள இரும்பை உடம்பு உறிஞ்சவிடாமல் பிடித்து வைக்கும். சாப்பாட்டுக்கும் இரும்பு மாத்திரைக்கும் முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் இடைவெளி விடுங்கள். மாத்திரையைத் தேசிக்காய்த் தண்ணீரோடு விழுங்கினால் நல்லது. கல்சியம் மாத்திரையை அதோடு சேர்க்காமல் வேறு நேரத்துக்கு வையுங்கள். "அந்த மாத்திரையால பிள்ள கறுத்துரும்" என்பார்கள். கறுப்பது மலம்தான், பிள்ளை இல்லை.

மண்ணும் சாம்பலும் பச்சரிசியும் தின்ன ஆசை வந்தால், அதை ஆசை என்று மட்டும் எடுக்காதீர்கள். இரத்தம் குறைந்திருப்பதன் அடையாளமாக அது இருக்கலாம். கர்ப்பத்தில் ஹீமோகுளோபின் 11க்குக் கீழே போனால் இரத்தசோகை.

நிறை உண்மையிலேயே கூடிப்போனவர்கள் முதலில் கைவைக்க வேண்டியது சீனியில். நாளுக்கு ஐந்து கோப்பை, கோப்பைக்கு இரண்டு தேக்கரண்டி என்றால் 160 கலோரி வெறும் சீனியிலிருந்தே வருகிறது. அந்தக் காலத்தில் உள்ளங்கையில் கொஞ்சம் சீனியை வைத்து நக்கிக்கொண்டே சாயத்தண்ணி குடித்தார்களே, அது சிக்கனம்தான். வேண்டுமானால் அதற்குத் திரும்பிப் போகலாம். சோற்றை நிறுத்துவது, இரவில் பட்டினி கிடப்பது, நிறை குறைக்கும் பவுடர் குடிப்பது, இவை மட்டும் வேண்டாம். கர்ப்பத்தில் நிறையைக் குறைக்க முயல்வதில்லை, ஏறுகிற வேகத்தைத்தான் குறைக்கப் பார்க்க வேண்டும்.

கவலைப்பட வேண்டிய இடத்தில் கவலைப்படாமல் இருப்பது

மூன்று மாதமாக மெதுவாக ஏறிய நிறையை நினைத்துத் தூக்கமில்லாமல் கிடப்போம். ஒரே வாரத்தில் திடீரென்று ஒன்று, இரண்டு கிலோ ஏறினால், "இப்பதான் பிள்ள நல்லா வளருது" என்று விட்டுவிடுவோம். தலைகீழ். ஒரு வாரத்தில் பிள்ளை அவ்வளவு வளராது. சேருவது நீர். அதோடு காலையில் எழும்போதே முகம் அதைத்திருக்கிறதா, மோதிரம் கழலவில்லையா, தலையிடி விடாமல் இருக்கிறதா, கண்ணுக்கு முன்னால் பூச்சி பறக்கிறதா, நெஞ்சுக்குழிக்குக் கீழே வலிக்கிறதா? பிரஷர் ஏறியிருக்கலாம். 140க்கு 90ஐத் தொட்டாலே டொக்டர் பார்க்க வேண்டும். மாலையில் மட்டும் கால் வீங்கி, படுத்து எழும்பினால் வடிந்துவிடுவது வேறு. நாளெல்லாம் சரிவில் நின்று கொழுந்தெடுத்த காலுக்கு அது வரும்தான்.

இரண்டு கிளினிக்காக நிறையே ஏறாமல் நின்றாலும் கேளுங்கள். வயிற்றின் மேல் நாடா பிடித்து மிஸ்ஸி அளப்பது அதற்காகத்தான். 24 வாரத்துக்குப் பிறகு சென்ரிமீற்றர் கணக்கும் வாரக் கணக்கும் ஏறக்குறைய ஒன்றாகப் போகும். நிறை கொஞ்சம் முன்பின்னாக இருந்தாலும் நாடா சரியாகப் போனால் ஆறுதல். நாடாவும் நின்றுவிட்டால் ஸ்கேன் கேட்க வேண்டும். பிள்ளையின் துடிப்பு குறைந்ததாகத் தெரிந்தால் அடுத்த கிளினிக் நாள் வரை காத்திருக்காதீர்கள்.

நம் பக்கத்தில் இதில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. இரவில், மழையில், மேல் டிவிஷனிலிருந்து இறங்க வேண்டி வரும். 1990ஐ அழைத்தால் அம்புலன்ஸ் வரும், காசு இல்லை. அழைக்கும்போது நாம் வாயால் கூப்பிடுகிற தமிழ்ப் பெயரை மட்டும் சொன்னால் டிரைவருக்கு வழி கிடைக்காது, அது அவருடைய மெப்பில் இருக்காது. தோட்டத்தின் எழுத்துப் பெயர், டிவிஷன், லய நம்பர், வண்டி எந்த இடம் வரை ஏறும் என்பதையெல்லாம் ஒரு துண்டில் எழுதி இப்போதே கிளினிக் கார்ட்டுக்குள் வையுங்கள்.