கத்திரி வெயிலில் மதுரை: ஒரே நாளில் சுற்றிப் பார்ப்பது எப்படி?

கோயில், மகால், தெப்பக்குளம் மூன்றும் ஒரே ஊருக்குள்தான், ஆட்டோ பிடித்தால் ஆயிற்று. ஆனாலும் மே மாதத்தில் முதல்முறை வருகிறவர்கள் மத்தியானத்துக்குள் சுருண்டுவிடுகிறார்கள். சாவகாசமாக டிபன் சாப்பிட்டுவிட்டுப் பத்து மணிக்குக் கோயிலுக்குப் போனால் வேறென்ன ஆகும்? அங்கே வெறுங்காலோடு அல்லவா நடக்க வேண்டும்! வெயில் ஏறுவதற்கு முன் கோயில், அப்புறம் கூரையுள்ள இடம், பொழுது சாய்ந்ததும் குளம். இந்த வரிசையை மட்டும் மாற்றாதீர்கள்.

1. முந்தின இரவே தயாராகுங்கள்

பருத்தி உடை போதும், ஆனால் அரைக்கால் சட்டை கூடாது. 2018 முதல் மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் செல்போனுக்கு அனுமதி இல்லை. வெளியே ஒப்படைத்துவிட்டுத்தான் போக வேண்டும். உள்ளே பிரிந்துபோனால் எங்கே சந்திப்பது என்று முதலிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

2. ஆறு மணிக்குக் கோயில்

கிழக்கே அஷ்டசக்தி மண்டபம் வழியாக நுழைந்தால் பொற்றாமரைக் குளத்துக்கு வந்துவிடலாம். காலை வெளிச்சத்தில் தெற்குக் கோபுரத்தைப் பார்க்க இந்தப் படிக்கட்டுதான் நல்ல இடம். அவசரப்படாமல் உட்காருங்கள். பிறகு அம்மன் சன்னதி, வழியில் முக்குறுணி விநாயகர், அடுத்து சுவாமி சன்னதி. ஆயிரங்கால் மண்டபத்தில் தூண்கள் உண்மையில் 985தான். கோயிலுக்குள்ளேயே மதிலை ஒட்டிப் போகும் திறந்தவெளிப் பாதையான ஆடி வீதியைச் சுற்றுவதென்றால் ஒன்பதுக்குள் முடித்துவிடுங்கள். அதற்கு மேல் நார் விரிப்பு போட்ட இடத்தை விட்டு ஓரடி தள்ளி வைத்தாலும் உள்ளங்கால் பொசுங்கும். மத்தியானம் நடை சாத்திவிட்டு நாலு மணி வாக்கில்தான் திறப்பார்கள்.

3. வெயில் ஏறியதும் மகால்

1636இல் கட்டிய திருமலை நாயக்கர் மகாலில் இன்று மிஞ்சியிருப்பது ஏறக்குறைய கால் பங்குதான். பேரன் சொக்கநாத நாயக்கர் ஒரு பகுதியைப் பிரித்துத் திருச்சிக்குக் கொண்டுபோனார் என்பது வரலாறு. நடு முற்றத்தில் நிற்காமல் தூண் வரிசைக்குள்ளேயே நடங்கள். செங்கல்லின் மேல் சுண்ணாம்பு பூசி இழைத்த தூண்கள். அந்தப் பருமனுக்குப் பின்னால் நிழலுக்குப் பஞ்சமே இல்லை.

வெளியே வந்ததும் விளக்குத்தூண் பக்கம் ஜிகர்தண்டா குடிக்கத்தான் போவீர்கள். சுண்டக் காய்ச்சிய பால், கடல்பாசி, நன்னாரி சர்பத், மேலே ஐஸ்கிரீம். சரி, குடியுங்கள். ஆனால் அது ருசிக்குத்தான், தாகத்துக்கு ஆகாது. முதலில் ஓர் இளநீரோ நாலு நுங்கோ உள்ளே போகட்டும்.

4. பன்னிரண்டு முதல் நாலு வரை

அறைக்குப் போய்த் தூங்குங்கள். ‘நேரம் வீணாகிறதே’ என்று யாராவது கிளப்பினாலும் எழுந்துவிடாதீர்கள்.

5. ஐந்தரைக்குத் தெப்பக்குளம்

மகாலுக்குச் செங்கல் சுட மண் எடுத்த பள்ளம்தான் பிறகு வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம் ஆனது என்பார்கள். அப்படித் தோண்டியபோது கிடைத்தவர்தான் காலையில் கும்பிட்ட முக்குறுணி விநாயகராம். சுற்றுச்சுவர் ஓரம் உட்கார்ந்தால் மைய மண்டபப் பக்கமிருந்து காற்று வரும்.

6. இரவு

மகாலில் ஒலி ஒளிக் காட்சி உண்டு. ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் அதை விட்டுவிட்டுக் கோயிலுக்கே திரும்புங்கள். சுவாமி பல்லக்கில் அம்மன் சன்னதிக்கு எழுந்தருளும் பள்ளியறை பூஜையைப் பார்க்கலாம். எட்டரைக்கெல்லாம் போய்விடுங்கள், செல்போனையும் செருப்பையும் ஒப்படைக்கவே ஒரு வரிசை நிற்கும்.