ஸ்தல சபை: நாம் தவறாகப் புரிந்துகொண்ட சில விஷயங்கள்

திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில் ஞாயிற்றுக்கிழமை காலையில் "கோவிலுக்குக் கிளம்பியாச்சா?" என்றுதான் கேட்பார்கள். நானும் அதைக் கேட்டு வளர்ந்தவன். அந்தச் சொல்லில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் கோவில் வேறு, சபை வேறு என்று புரிய எனக்கு முப்பது வயதாகிவிட்டது.

புதிய ஏற்பாட்டில் 'சபை' என்று நாம் வாசிக்கும் இடங்களில் கிரேக்கத்தில் இருக்கும் சொல் எக்லேசியா. அது முதலில் பக்திச் சொல்லே இல்லை. நகரத்துக் குடிமக்கள் ஊர்க் காரியம் பேசக் கூடும் கூட்டத்துக்கு அந்தப் பெயர். அப்போஸ்தலர் 19ஆம் அதிகாரத்தில் எபேசு பட்டணத்துக் கலகத்தை வாசித்துப் பாருங்கள்; அங்கே நகரத்தார் கூட்டத்துக்கும் இதே சொல்தான் வருகிறது. ஆக, சபை என்றால் கூடி நிற்கிற ஆட்கள். ஓர் ஊரில் அப்படிக் கூடுகிறவர்கள்தான் ஸ்தல சபை. பிரிஸ்கில்லாள், ஆக்கில்லா தம்பதியின் வீட்டில் சபை கூடியது. பிலேமோன் வீட்டிலும் கூடியது. சிரியாவில் துரா யூரோப்போஸ் என்ற இடத்தில் அகழ்ந்தெடுத்த 3ஆம் நூற்றாண்டு ஆராதனை இடமும் ஒரு வீட்டை மாற்றி அமைத்ததுதான்; ஞானஸ்நானத்துக்கு அதில் தனி அறையே இருந்தது.

கட்டடம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கோபுரத்துக்கு நிதி திரட்டும் மும்முரத்தில், மூன்று மாதமாக ஆராதனைக்கு வராத ஒரு விதவைத் தாயை யாருமே போய் விசாரிக்கவில்லை என்றால், நாம் எதையோ மாற்றிப் புரிந்துகொண்டிருக்கிறோம்.

"எனக்கு இயேசு போதும், சபை எதற்கு? வீட்டிலேயே பைபிள் வாசிக்கிறேன், யூடியூபில் நல்ல செய்தி கேட்கிறேன்" என்று சொல்கிறவர்கள் இப்போது அதிகம். 2020 ஊரடங்கில் வந்த பழக்கம் பலருக்கு அப்படியே தங்கிவிட்டது. படுக்கையில் இருப்பவர்களுக்கும் வெளியே போக முடியாத முதியவர்களுக்கும் இணைய ஆராதனை பெரிய ஆசீர்வாதம். அவர்களை நான் சொல்லவில்லை. நடமாட முடிகிறவர்களைத்தான் சொல்கிறேன். ஒருவரையொருவர் தாங்குங்கள், ஒருவர் பாரத்தை ஒருவர் சுமந்துகொள்ளுங்கள், ஒருவருக்கொருவர் மன்னியுங்கள் என்று புதிய ஏற்பாட்டின் கடிதங்களான நிருபங்கள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. இதில் எதைத் தனியாக உட்கார்ந்து செய்ய முடியும்? மத்தேயு 18இல் ஒரு சகோதரன் தவறு செய்து, இரண்டு மூன்று பேர் சொல்லியும் கேட்காவிட்டால், சபைக்குத் தெரியப்படுத்தச் சொல்கிறார் இயேசு. எந்தச் சபைக்கு? உலகமெங்கும் பரந்திருக்கும் சபைக்குப் போய்ச் சொல்ல முடியாது. அவனையும் என்னையும் பெயர் சொல்லித் தெரிந்த ஆட்கள் ஓரிடத்தில் இருக்க வேண்டும்.

என் அப்பா பதினோரு நாள் மருத்துவமனையில் கிடந்தபோது இது எனக்கு நன்றாக உறைத்தது. நான் விரும்பிக் கேட்ட பிரசங்கியார்களுக்கு நான் யாரென்றே தெரியாது. சுக்குக் காப்பி போட்டுக் கொண்டுவந்தது, நான் சலிப்போடு பார்த்துக்கொண்டிருந்த எங்கள் சின்னச் சபையின் ஒரு அக்கா. இரவு துணைக்கு இருந்தது, பாட்டில் சுருதி விட்டுப் பாடுகிறார் என்று நான் குறை சொல்லிக்கொண்டிருந்த ஒரு அண்ணன்.

சபை மாறிக்கொண்டே இருப்பதும் இதோடு சேர்ந்ததுதான். இங்கே பாட்டு நன்றாக இல்லை, அங்கே செய்தி நீளம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துப் போகிறோம். கொரிந்து சபையில் கட்சிப் பிரிவு இருந்தது, வழக்கு இருந்தது, ஒழுக்கக்கேடும் இருந்தது. அப்படியிருந்தும் அப்போஸ்தலர் பவுல் அவர்களைத் தேவனுடைய சபை என்றுதான் அழைக்கிறார். அதற்காக எதையும் பொறுத்துக்கொண்டு இருக்கச் சொல்லவில்லை. போதகர் பெண்களிடமோ பிள்ளைகளிடமோ தவறாக நடந்தால், கேள்வி கேட்பவர்களை மிரட்டினால், அதை மறைக்காமல் வெளியே சொல்லுங்கள், அங்கிருந்து விலகுங்கள். பிடிக்காமல் போவது வேறு, ஆபத்து வேறு.

நம் மண்ணில் இதையெல்லாம்விடப் பெரிய தவறு சாதி. "அது எங்க ஆளுங்க சபை" என்று கூச்சமே இல்லாமல் சொல்கிறோம். இது நேற்று வந்ததல்ல. 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாடு இருக்கவே கூடாது என்று சுற்றறிக்கை அனுப்பினார். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் அதற்குப் பெரிய எதிர்ப்பு வந்தது. பலர் சாதியை வைத்துக்கொண்டு சபையை விட்டார்கள். வடக்கன்குளம் கத்தோலிக்க ஆலயத்தில் சாதி வாரியாக உட்கார நடுவில் சுவரே இருந்தது. 1910இல் அதை இடித்தபோது, திரும்ப வேண்டும் என்று நீதிமன்றம் வரை போனார்கள், வெற்றி பெறவில்லை. சுவர் போய்விட்டது. கல்லறைத் தோட்டத்திலும், திருமணப் பேச்சிலும், சபைத் தேர்தலிலும் அது இன்னும் நிற்கிறதா என்று அவரவர் ஊரில் பார்த்துக்கொள்ளலாம்.

கொரிந்துவில் சபையார் கூடிச் சாப்பிடும்போது பணக்காரர்கள் முந்திச் சாப்பிட்டுவிட, ஏழைகள் பசியோடு நின்றார்கள். நீங்கள் சாப்பிடுவது கர்த்தருடைய இராப்போஜனமே அல்ல என்கிறார் பவுல். அப்பமும் ரசமும் சரியாக இருந்தும் அப்படிச் சொல்கிறார். திருவிருந்துக்கு முழங்கால் போடும்போது பக்கத்தில் யார் என்று பார்த்து வரிசை மாறுகிறவர்கள் 1 கொரிந்தியர் 11ஆம் அதிகாரத்தை நின்று வாசிக்க வேண்டும். என் சொந்தக்காரர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

சபையை ஒரு குடும்பத்தின் சொத்தாக்குவதையும் சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்குப் பிறகு மகன், கணக்கு யாருக்கும் தெரியாது. எருசலேம் ஏழைகளுக்குச் சேர்ந்த காணிக்கையைப் பவுல் தனியாகக் கொண்டுபோகவில்லை. யாரும் குறை சொல்ல இடமில்லாதபடி, சபைகள் தெரிந்தெடுத்த ஆளையும் உடன் அனுப்பினார். அப்போஸ்தலருக்கே அது தேவைப்பட்டது என்றால், உங்கள் சபைக் கணக்கை வருடத்துக்கு ஒரு முறை கேட்பது விசுவாசக் குறைவு ஆகாது.

வேலைக்காகச் சென்னைக்கோ பெங்களூருக்கோ புதிதாக வந்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஊர்ப் போதகரிடம் சபை மாற்றத்துக்குக் கடிதம் வாங்கி வாருங்கள். வீட்டுக்கு நடந்து போகும் தூரத்தில் ஒரு சபையைப் பாருங்கள். ஐந்தாறு மாதமாவது அங்கேயே போங்கள். பிடித்திருந்தால் பெயரைப் பதிவேட்டில் கொடுங்கள். ஆராதனை முடிந்ததும் வண்டியை எடுக்க ஓடாமல் பத்து நிமிடம் நில்லுங்கள். அந்தப் பத்து நிமிடத்தில் தனியாக நிற்கும் இன்னொருவர் கண்ணில் படுவார், போய்ப் பெயரைக் கேளுங்கள்.