மலையகத்தில் திரைக்கதை எழுத வருகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அட்டனிலும் பதுளையிலும் எழுதத் தொடங்கும் பிள்ளைகள் என்னிடம் கொண்டுவரும் முதல் பிரதி பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். 150 பக்கம், ஐந்து பாட்டு, கூடவே ஒரு கேள்வி: "இதைச் சென்னையில் யாரிடம் கொடுக்கலாம் அண்ணா?"

பெரிய தவறு அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. தமிழ் சினிமாவில் பெரும்பாலும் இயக்குநரே தன் கதையை எழுதிக்கொள்கிறார். எழுத ஆசைப்படுகிறவர்கள் உதவி இயக்குநராகச் சேர்ந்து, நிலையான சம்பளம் இல்லாமல் வருடக்கணக்கில் உழைத்து, அப்புறம்தான் கதை சொல்ல ஒரு தயாரிப்பாளர் முன்னால் உட்காருகிறார்கள். மஸ்கெலியாவிலிருந்து தபாலில் போகும் பிரதியை ஒருவரும் பிரிக்காவிட்டால், அதற்கு உங்கள் எழுத்து காரணமில்லை. அதை நம்பி ஏ.எல். பரீட்சையையோ கையிலிருக்கும் வேலையையோ விட்டுவிடாதீர்கள்.

முதலில் 10 பக்கம் எழுதுங்கள். ஒரு பக்கம் திரையில் ஏறக்குறைய ஒரு நிமிடம். இரண்டு இடம், மூன்று பேர் போதும். நண்பரின் போனிலேயே எடுத்துவிடலாம்.

அடுத்தது, படம்பிடிக்க முடியாததை எழுதுவது. "தன் உழைப்பு சுரண்டப்படுவதை எண்ணி அவள் மனம் குமுறினாள்." சிறுகதையில் இது சரி. கேமரா இதில் எதைப் பார்க்கும்? தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும் நேரத்துக்குப் போங்கள். முழுப்பேருக்கு, அதாவது ஒரு நாள் முழுச் சம்பளத்துக்கு, 18 கிலோ வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். தராசு முள் 20இல் நிற்கிறது. கணக்கப்பிள்ளை கழிவைக் கழித்து 17 என்று எழுதுகிறார். அவள் முள்ளைப் பார்க்கிறாள், புத்தகத்தைப் பார்க்கிறாள். இடுப்பில் கட்டிய ஈரப் படங்கில் கறை படிந்த விரல்களைத் துடைத்துக்கொண்டு நகர்கிறாள். பின்னாலிருப்பவள் மெதுவாக, "அரைப்பேரா?" என்கிறாள். ஒரு வசனம்தான். குமுறல் முழுக்க அதற்குள் வந்துவிட்டது.

இந்த இடத்தில்தான் பலர் ஒரு தாத்தாவைக் கொண்டுவந்து நம் ஆட்களை இந்தியாவுக்கு அனுப்பிய 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் முதல் இன்றைய சம்பளம் வரை பேச வைத்துவிடுகிறார்கள். அந்த வரலாறு நம் வலி, சொல்லத்தான் வேண்டும். ஆனால் தாத்தா வரலாறு சொல்ல வேண்டியதில்லை. இந்தியாவுக்குப் போன தம்பியின் பழைய கடிதத்தை அவர் தகரப் பெட்டியிலிருந்து எடுத்தாலே போதும்.

பேச்சு மொழியிலும் கவனம் வேண்டும். தோட்டத்து லய வீட்டில் பிறந்த பாத்திரம் மதுரைக்காரர் போலப் பேசினால் நம் ஆட்களே நம்பமாட்டார்கள். பெரட்டு (காலையில் வேலைக்கு ஆள் பிரிப்பது), கொழுந்து, கங்காணி என்றே எழுதுங்கள். காட்சியே அர்த்தம் சொல்லிவிடும்.

கதையைத் திருடிவிடுவார்கள் என்று பயந்து யாரிடமும் காட்டாமல் இருப்பதும் தவறு. இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, எழுதிய பிரதிக்குப் பதிவு செய்யாமலே பாதுகாப்பு உண்டு. வெறும் யோசனைக்கு இல்லை. ஆகவே எழுதி முடித்து, திகதியோடு மின்னஞ்சலில் ஒரு பிரதி வைத்துக்கொண்டு காட்டுங்கள்.

படப்பிடிப்பையும் நினைத்து எழுத வேண்டும். காலையில் வெயில், பத்து நிமிடத்தில் மூடுபனி. மலைச்சரிவில் நீளமான வெளிக்காட்சி வைத்தால் பாதியில் வெளிச்சம் மாறிவிடும். தோட்டத்துக்குள் எடுக்க நிர்வாகத்தின் அனுமதியும் வேண்டும்.

முதல் பிரதியோடு நிறுத்திவிடாதீர்கள். கொழுந்து பறிக்கும் அம்மாவையோ சித்தியையோ உட்கார வைத்து, அந்த நிறுவைக் காட்சியைச் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். எந்த வரியில் அவர் "இப்படியா பேசுவோம்?" என்கிறாரோ, அங்கே கோடு போட்டு அன்றிரவே திருத்தி எழுதுங்கள்.