நாகசுரத் தம்பதியைப் படமெடுக்கும் முறை: தொடக்கநிலையினருக்கு

கணவனும் மனைவியும் அருகருகே அமர்ந்து நாகசுரம் வாசிப்பது இன்று அரிதான காட்சியன்று. நாகசுர மேதை ஷேக் சின்ன மௌலானாவின் மாணவர்களான ஷேக் மஹபூப் சுபானி, காலீஷாபி மஹபூப் தம்பதி 2020-ஆம் ஆண்டுக்கான பத்மஸ்ரீ பெற்றவர்கள். இத்தகைய இணையரைக் கல்யாண ஆல்பத்துக்கு நிறுத்துவதுபோல் நிறுத்தாமல், கலைஞர்களாகவே படமெடுப்பதற்கான வழியை இங்கே விளக்குகிறேன்.

முதலில் வெளிச்சத்தைப் பாருங்கள். முற்றம் உள்ள வீடாயின், முற்றத்தின் நடுவே அமர்த்தினால் மேலிருந்து விழும் ஒளி கண்குழிகளை இருட்டாக்கிவிடும் என்பதால், தாழ்வாரத்தின் ஓரத்தில் முற்றத்தை நோக்கி அமரச் செய்யுங்கள். முற்றம் இல்லையேல் நேர்வெயில் படாத பெரிய சன்னல் போதும். ஃபிளாஷ் வேண்டாம், பட்டுச் சேலையின் சரிகை அந்த ஒளியில் படத்தில் வெளுத்துத் தெரியும்.

இரண்டாவது படி, வாத்தியத்துக்கு இடம் ஒதுக்குவது. நாகசுரத்தின் நீண்ட வகையான பாரி நாகசுரம் ஏறக்குறைய இரண்டரை அடி நீளம் இருக்கும். ஆச்சா மரத்தில் கடைந்த குழல்பகுதியான உலவின் கருமையும், அடியில் விரியும் அணசும் படத்தில் முழுமையாகத் தெரிய வேண்டும். முகங்களிலேயே கண்ணாக இருந்து, நான் எடுத்த முதல் படத்தில் இரண்டு அணசுகளையும் வெட்டிவிட்டேன்; பார்த்தவர்கள் புல்லாங்குழலா என்று கேட்டார்கள். வாத்தியங்கள் முகத்தை மறைக்காதபடி, ஒருவரை நோக்கி ஒருவர் சற்றே திரும்பி அமரட்டும்.

கேமராவில் 50 மி.மீ. லென்ஸைப் பொருத்தி, இரண்டரை மீட்டர் தள்ளி, அமர்ந்திருப்பவர்களின் கண்மட்டத்தில் வையுங்கள். லென்ஸின் துளையை அகலத் திறந்து எஃப் 1.8 வைத்தால் ஓரடிக்கும் குறைவான ஆழமே தெளிவாக இருக்கும் என்பதால் பின்னால் இருப்பவர் மங்கிவிடுவார். துளையைச் சுருக்கி எஃப் 5.6, ஷட்டர் வேகம் 1/125 நொடி, ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) 800 என்று தொடங்குங்கள். வெள்ளை வேட்டியின் மடிப்புகள் மறைந்தால் எக்ஸ்போஷரைச் சற்றுக் குறையுங்கள். கைப்பேசியில் எடுப்பவர்கள் கிட்டே போகாமல் இரண்டு மடங்கு (2x) லென்ஸைப் பயன்படுத்துவது நல்லது. இல்லாவிட்டால் முன்னே நீளும் அணசு பூதாகாரமாகத் தெரியும்.

எந்தக் கணத்தில் எடுப்பது என்பதில்தான் படத்தின் உயிர் இருக்கிறது. வாசிக்கும்போது கன்னம் உப்பி, உதடு, வாயில் வைத்து ஊதும் பகுதியான சீவாளியை இறுகப் பற்றியிருக்கும். அது மேடைப் படத்துக்குப் பொருந்தும், உருவப்படத்துக்குப் பெரும்பாலும் பொருந்தாது. ஆகவே, கேமராவைப் பார்க்கச் சொல்லாமல், அவர்களுக்குப் பிடித்த ராகத்தை வாசிக்கச் சொல்லிவிட்டுக் காத்திருங்கள். சீவாளியை உதட்டில் வைத்து ஈரப்படுத்தும் வேளை, ஒருவர் வாசிக்கும் சங்கதியை (பாடல் வரியின் மெருகேற்றிய வடிவத்தை) மற்றவர் வாத்தியத்தைத் தாழ்த்திக் கேட்டிருக்கும் வேளை, இருவரும் சேர்ந்து வாசிக்கத் தொடங்குவதற்குமுன் மூச்சுக்காக ஒருவரையொருவர் நோக்கும் வேளை ஆகிய மூன்றும் தவறவிடக் கூடாதவை. இவற்றில் மூன்றாவதையே நான் எப்போதும் தேடுகிறேன். எத்தனையோ ஆண்டுகள் சேர்ந்து வாசித்த பழக்கம் அந்த அரை நொடிப் பார்வையில் தெரிந்துவிடும். அது சட்டென்று கடந்துவிடுவதால், தொடர்ச்சியாகப் படமெடுக்கும் வசதியை முன்கூட்டியே இயக்கி வையுங்கள்.

எடுத்தவற்றைத் திரையில் பெரிதாக்கி, நால்விழிகளும் தெளிவாக உள்ளனவா என்று அங்கேயே பாருங்கள். சீவாளியைக் கழற்றி வாத்தியத்தை உறையில் இட்டபின், மறுபடி எடுக்கச் சொல்வது முறையன்று.