டிஸ்னி வேர்ல்டில் சாப்பாட்டுச் செலவைக் குறைத்த விதம்
ஆர்லாண்டோ டிஸ்னி வேர்ல்டில் முதல் 2 நாளும் எங்கள் சாப்பாட்டு பட்ஜெட் மத்தியானத்துக்குள் காலி. காலைச் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டோம். 10 மணிக்கே பிள்ளைகள் தீனி கேட்டார்கள். ஒரு தட்டை இருவர் பகிர்ந்தும் பிரயோஜனமில்லை.

ராத்திரி ரசீதுகளைக் கட்டிலில் பரப்பிப் பார்த்தபோதுதான் பிடிபட்டது: பாதிக்குப் பக்கம் தண்ணீர் பாட்டிலும் குளிர்பானமும்! குளிர்பானம் ஊற்றித் தரும் கவுன்ட்டர்களில் கேட்டால் ஐஸ் தண்ணீர் இலவசம், வேறெதுவும் வாங்க வேண்டாம்.

வெளிச் சாப்பாடும் கொண்டுபோகலாம். ஆனால் கண்ணாடிப் பாத்திரமும் உதிரி ஐஸ்கட்டியும் கூடாது. அதனால் தண்ணீர் பாட்டில்களை அறை ஃப்ரீசரில் உறையவைத்து, தயிர்சாத டப்பாக்களுக்கு நடுவே செருகினேன். மத்தியானம்வரை சாதம் புளிக்கவில்லை. உருகிய தண்ணீர் குடிக்கவும் ஆயிற்று.

மூன்றாம் நாள் காசு கொடுத்தது ராத்திரிச் சாப்பாட்டுக்கு மட்டும். அப்பாடா!